டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வருது அக்கா! – ஸ்கூல் பிள்ளைங்க அம்மாக்கள் கேட்டதும் நான் சொன்னதும்

ஜூன்ல ஸ்கூல் தொறந்தாலே எனக்கு வர்ற கடுதாசி மூணு மடங்கு ஆயிடும். லீவுல ஒருத்தரும் எழுத மாட்டீங்க, அப்போ பிள்ளைங்கள பாட்டி வீட்டுக்கு அனுப்பிட்டு நிம்மதியா இருப்பீங்க போல. இந்த தடவை ஒரே மாதிரி வந்த கேள்விய எல்லாம் ஒண்ணா சேர்த்துட்டேன், யார் பேரும் போடல, ஊர் மட்டும் இருக்கு. உங்க மாமியார் இந்த பத்திரிகை படிக்கிறவங்களா இருந்தாலும் பயப்படாதீங்க.

என் பையன் மூணாங்கிளாஸ் படிக்கறானுங்க்கா. விடியக்காலம் அஞ்சு மணிக்கு எந்திரிச்சு விதவிதமா செஞ்சு குடுத்தாலும் லஞ்ச் பாக்ஸ் பாதிக்கு மேல அப்படியே திரும்பி வருதுங்க. கேட்டா "டைம் இல்லை"ங்கறான். மாமியார் "பிள்ளை எலும்பா போயிட்டான்"னு தினம் சொல்றாங்க. எனக்கு அழுகையே வருதுங்க. – ஒரு வாசகி, ஈரோடு

அழுகாதீங்க. முதல்ல ஒண்ணு பாருங்க, அந்த டப்பா மூடிய அவனால சொந்தமா தொறக்க முடியுதா? சிரிக்காதீங்க, நிஜமாவே கேக்கறேன். நாலு பக்கமும் கிளிப் வச்ச லீக் ஆகாத டப்பான்னு நாம ஆசையா வாங்கி குடுப்போம், எட்டு வயசு கை அதோட மல்லுக்கட்டிட்டு இருக்கும், மிஸ்கிட்ட போய் தொறந்து குடுங்கன்னு கேக்க வெக்கம், அப்படியே மூடி பைக்குள்ள போட்டுருவான். வீட்டுல ஒரு ஞாயித்துக்கிழமை அந்த டப்பாலயே சோறு போட்டு குடுத்து அவனையே தொறந்து, சாப்ட்டு, மூடச் சொல்லுங்க. பாதி விஷயம் அங்கயே தெரிஞ்சிரும்.

அடுத்தது "டைம் இல்லை"ங்கறது. அது பொய் இல்லை. லஞ்ச் பெல் அடிச்சு, நோட்டை மூடி வச்சு, கை கழுவ லைன்ல நின்னு, இடம் புடிச்சு உக்காந்து, பக்கத்துல இருக்கறவன் டப்பாவ எட்டிப் பார்த்து, அவன் குடுத்ததுல ஒரு வாய் வாங்கி, இதுக்கே நேரம் பாதி ஓடிரும். மீதி நேரத்துல கிரவுண்டு கூப்பிடும். எட்டு வயசு பையனுக்கு பீன்ஸ் பொரியலா கிரவுண்டான்னா அவன் எதை எடுப்பான்? நீங்க இருந்தா எதை எடுப்பீங்க?

அதனால அளவ கொறைங்க. நாம போடுறது நம்ம பயத்தோட அளவு, அவன் பசியோட அளவு இல்லை. முக்கால் கரண்டி வச்சு காலியா வந்தா மறுநாள் ஒரு கரண்டி. அப்புறம் ஸ்நாக்ஸ் பாக்ஸ், இதுதான் பல வீட்டுல திருடன். காலைல ஏழரைக்கு சாப்பாடு, பத்தரைக்கு இன்டர்வெல்ல க்ரீம் பிஸ்கட்டு, சிப்ஸ், கேக்கு, அப்புறம் பன்னெண்டரைக்கு எப்படி பசிக்கும்? இன்டர்வெல்லுக்கு ரெண்டு கீத்து கொய்யாவோ ஒரு கைப்புடி சுண்டலோ போதும்.

செய்யுற ஐட்டத்த பத்தியும் சொல்றேன். காலைல ஏழு மணிக்கு அடுப்புல ருசியா இருக்கறது மத்தியானம் எப்படி இருக்கும்னு நாம யோசிக்கறதே இல்லை. உப்புமா கட்டியாயிரும், பூரி ரப்பர் ஆயிரும், சாம்பார் சாதம் இறுகி கேக்கு மாதிரி வெட்டி எடுக்கணும். சாம்பார் சாதம் குடுக்கணும்னா இன்னும் கொஞ்சம் தளர்வா பெசைஞ்சு நெய் விடுங்க. தயிர் சாதத்துக்கு சோத்தை நல்லா மசிச்சு பால் ஊத்தி, தயிர் ஒரே ஒரு ஸ்பூன் கலந்தா போதும், மத்தியானத்துக்குள்ள தானா தோஞ்சு புளிக்காம இருக்கும். இட்லின்னா பொடியும் நல்லெண்ணெயும் நல்லா ரெண்டு பக்கமும் தடவி வைங்க, சட்னி வேண்டாம், அது பையிலதான் ஊத்தும். எதுவா இருந்தாலும் சூடு ஆறாம மூடாதீங்க, ஆவி இறங்கி எல்லாம் சொதசொதன்னு ஆயிரும். புளியோதரை, எலுமிச்சை சாதம் ரெண்டும் நம்ம பாட்டிமாரு ரயில்ல கட்டிட்டு போனதுக்கு காரணம் இருக்கு.

சாயங்காலம் வந்ததும் "ஏன் சாப்பிடல"ன்னு ஆரம்பிக்காதீங்க. "இன்னிக்கு யார் பக்கத்துல உக்காந்த, அவன் என்ன கொண்டு வந்தான்"னு கேளுங்க. சில நேரம் வேற கதை வெளிய வரும். முட்டை கொண்டு போனா நாத்தம்னு மூக்கை புடிக்கறாங்க, கருவாடு வாசனைன்னு ஒருத்தன் சொன்னான், அதுல இருந்து அவன் டப்பாவே தொறக்கறதில்லை, இப்படி. அப்படி இருந்தா அது சாப்பாட்டு பிரச்சனை இல்லை, மிஸ்கிட்ட பேச வேண்டிய பிரச்சனை, போய் பேசுங்க.

எடை பத்தி: உயரத்துக்கு ஏத்த மாதிரி கொஞ்சம் கொஞ்சமா ஏறிட்டே இருந்தா கவலை வேண்டாம், ஓடுற பையன் எலும்பாத்தான் இருப்பான். சோர்ந்து கெடக்கறான், கண்ணு வெளுத்திருக்குன்னா டாக்டர்கிட்ட காட்டி ரத்தம் டெஸ்ட் பண்ணுங்க. பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 ரெண்டு நாளும் குடற்புழு நீக்க நாள், ஸ்கூல்லயும் அங்கன்வாடியிலயும் 1 வயசுல இருந்து 19 வயசு வரைக்கும் அல்பெண்டசோல் மாத்திரை இலவசமா குடுப்பாங்க, அன்னிக்கு லீவு போடாதீங்க. அன்னிக்கு வராத பிள்ளைங்களுக்கு பின்னாடி இன்னொரு நாளும் குடுப்பாங்க.

ஒண்ணு சொல்லிக்கறேன். அரசுப் பள்ளில வரிசையா உக்காந்து தட்டுல சாப்பிடுற பிள்ளைங்கள பார்த்திருக்கீங்களா? பெரும்பாலும் தட்டு காலியாத்தான் போகும். காமராஜர் 1956ல ஆரம்பிச்சது, எம்.ஜி.ஆர். 1982ல சத்துணவா பெருசாக்கினது, 2022 செப்டம்பர் 15 அன்னிக்கு மதுரையில ஆரம்பிச்ச காலை உணவு, இதுல எல்லாம் ருசிய விட பெரிய விஷயம் எல்லாரும் ஒண்ணையே சாப்பிடுறதுதான். ஒப்பிட்டு பார்க்க அடுத்தவன் டப்பா இல்லை. முடிஞ்சா ராத்திரி ஒரு வேளையாவது டிவிய அணைச்சுட்டு மாமியார், வீட்டுக்காரர் எல்லாரும் ஒரே சாப்பாட்ட ஒண்ணா உக்காந்து சாப்பிடுங்க, பையனுக்குன்னு தனியா நூடுல்ஸ் பண்ணாம.

பொண்ணு தலைல பேன் மேயுதுக்கா. நானும் எடுத்து எடுத்து பாக்கேன், பத்து நாள்ல திரும்ப வந்துருது. பக்கத்து வீட்டு ஆச்சி மண்ணெண்ணெய் தேய்க்கச் சொல்லுதாவ. தேய்க்கலாமா? – ஒரு வாசகி, தூத்துக்குடி

வேண்டவே வேண்டாம். மண்ணெண்ணெய் தோலை புண்ணாக்கும், மூச்சுல ஏறும், பக்கத்துல அடுப்பு இருந்தா தீயே புடிச்சுரும். கற்பூரத்த தேங்காண்ணெயில கரைச்சு தேய்க்கறதும் சின்ன பிள்ளைக்கு நல்லதில்லை, கற்பூரம் உள்ள போனா வலிப்பு வர்ற அளவுக்கு விஷம்.

பத்து நாள்ல திரும்ப வருதுன்னு நீங்களே எழுதி இருக்கீங்க பாருங்க, பதிலே அதுலதான் இருக்கு. பேனை கொன்னாலும் ஈரு முடியில ஒட்டிக்கிட்டு இருக்கும், அது 7ல இருந்து 10 நாளுக்குள்ள பொரிச்சு புதுசா கெளம்பும். அதனால ஒரு தடவை மருந்து போட்டுட்டு விட்டா பிரயோஜனமே இல்லை. மருந்துக்கடையில 1 சதவீதம் பெர்மெத்ரின் லோஷன்னு கேளுங்க, தலைய ஷாம்பு போட்டு அலசி துவட்டி, லேசா ஈரம் இருக்கும்போது வேர் வரைக்கும் தடவி, 10 நிமிஷம் கழிச்சு கழுவுங்க. கண்டிஷனர் போடாதீங்க, மருந்து ஒட்டாது. ஒன்பதாம் நாள் மறுபடியும் ஒரு தடவை. நடுவுல ரெண்டு மூணு நாளைக்கு ஒருக்க ஈரத் தலையில பேன் சீப்பு போட்டு பகுதி பகுதியா வாருங்க, இதுதான் கஷ்டமான வேலை, இதுல ஏமாத்த முடியாது. கைக்குழந்தை வீட்டுல இருந்தா அதுக்கு டாக்டர கேட்காம எதுவும் போடாதீங்க.

முக்கியமா ஒரே நாள்ல வீட்டுல எல்லார் தலையும் பாருங்க, உங்க தலையும் சேர்த்துத்தான். பேன் பறக்காது, தாவாது, தலையோட தலை ஒட்டும்போதுதான் ஏறும். உங்க பொண்ணும் அவ ஃப்ரெண்டும் ஒரே பெஞ்சுல தலைய ஒட்டிக்கிட்டு ரகசியம் பேசுறாங்கல்ல, அதுதான் வழி. அந்த ஃப்ரெண்டோட அம்மாவுக்கு போன் போட்டு "எங்க வீட்டுல இருக்கு, நாங்க சனிக்கிழமை மருந்து போடுறோம், நீங்களும் பாத்துக்கங்க"ன்னு சொல்லுங்க. உங்க பொண்ணாலதான் வந்துச்சுன்னு ஆரம்பிச்சா போச்சு, பேனும் போகாது, உறவும் போயிரும். பேன் அழுக்குக்கு வர்றது இல்லை, சுத்தமான தலையிலயும் வரும், அதனால பிள்ளைய திட்டாதீங்க, அவ முடிய மொட்டை அடிச்சுருவேன்னு மிரட்டவும் வேண்டாம்.

என் மகள் ரெண்டாம் வகுப்பு. தனியார் ஸ்கூல். ராத்திரி ஒன்பதரைக்கு வாட்ஸ்அப் குரூப்ல "நாளைக்கு சார்ட்ல எரிமலை மாடல் கொண்டு வரவும்"னு மெசேஜ் வருது. கடையெல்லாம் மூடியிருக்கும். நான் பதினோரு மணி வரைக்கும் தெர்மாகோல் வெட்டிக்கிட்டு இருக்கேன், அவ தூங்கிருவா. மத்த அம்மாக்கள் எல்லாம் சூப்பரா பண்ணி குரூப்ல போட்டோ போடுறாங்க. – ஒரு வாசகி, சென்னை தாம்பரம்

மத்த அம்மாக்களும் பதினோரு மணிக்கு தெர்மாகோல்தான் வெட்டிக்கிட்டு இருக்காங்க, அவங்களும் உங்க போட்டோவ பார்த்து இதே மாதிரி எனக்கு எழுதியிருக்காங்க, நம்புங்க.

ரெண்டாம் வகுப்புக்கு ஹோம்வொர்க்கே கூடாதுன்னு 2018 மே மாசம் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியாச்சு. மத்திய அரசோட 2020 ஸ்கூல் பேக் கொள்கையும் அதையேதான் சொல்லுது, ரெண்டு வரைக்கும் ஹோம்வொர்க் கிடையாது, மூணுல இருந்து அஞ்சு வரைக்கும் வாரத்துக்கே ரெண்டு மணி நேரம்தான். பை எடை பிள்ளையோட எடையில பத்துல ஒரு பங்குக்கு மேல போகக்கூடாதுன்னும் அதுல இருக்கு, ரெண்டாம் வகுப்புன்னா சுமார் 1.6ல இருந்து 2.2 கிலோ. உங்க மகளோட பைய ஒரு நாள் மளிகைக்கடை தராசுல வச்சு பாருங்க. உள்ள இருக்கற பாதி நோட்டு அன்னிக்கு டைம்டேபிள்லயே இருக்காது, தண்ணி பாட்டில் ஒண்ணே ஒரு கிலோ இருக்கும். பைய அடுக்கற வேலைய அவகிட்டயே குடுங்க, ராத்திரி டைம்டேபிள பார்த்து அவளே வைக்கட்டும், மறந்தா மறக்கட்டும், மிஸ்கிட்ட அவளே சொல்லட்டும். ஏழு வயசுல நோட்டு மறந்துட்டு போறது ஒரு பெரிய விஷயமே இல்லை, பதினேழு வயசுலயும் அம்மா அடுக்கி குடுக்கறதுதான் பெரிய விஷயம்.

எரிமலைக்கு வருவோம். இனிமே அவ செய்யறதுதான் போகணும். கோணலா இருக்கட்டும், எரிமலை கத்திரிக்கா மாதிரி இருக்கட்டும். செய்ய நேரம் இல்லைன்னா டைரில பணிவா ரெண்டு வரி எழுதுங்க, "மிஸ், மெசேஜ் ராத்திரி 9.30க்குத்தான் பார்த்தோம், பாப்பா தூங்கிட்டா, திங்கக்கிழமை கொண்டு வருவா"ன்னு. ஒரு அம்மா எழுதினா கோவம் வரும், பத்து அம்மா எழுதினா அடுத்த மாசத்துல இருந்து மெசேஜ் சாயங்காலம் அஞ்சு மணிக்கு வரும். அதனால குரூப்ல போட்டோ போடுறதுக்கு பதிலா தனியா நாலு அம்மாக்கள்கிட்ட பேசுங்க. மிஸ்ஸையும் ரொம்ப திட்ட வேண்டாம், அவங்களுக்கு மேல இருந்து ஒன்பது மணிக்குத்தான் சர்க்குலர் வந்திருக்கும், அவங்க வீட்டுலயும் ஒரு பிள்ளைக்கு எரிமலை செய்யணும்.

அக்கா, எம் பொண்ணு ஏழாவது படிக்கிறா, போன மாசம் பெரியவளாயிட்டா. மாமியார் வீட்டுல மண்டபம் புக் பண்ணி, பத்திரிகை அடிச்சு, சடங்கு பெருசா செய்யணும்னு நிக்கிறாங்க, இதுவரைக்கும் செஞ்ச மொய்ய திருப்பி வாங்கணும்ங்கறாரு மாமா. பொண்ணு "என் கிளாஸ் பசங்க பார்ப்பாங்க, நான் வரமாட்டேன்"னு அழுகிறா. நடுவுல நான். – ஒரு வாசகி, மதுரை

பொண்ணு அழுகிறா இல்லையா, அப்போ பதில் சொல்லியாச்சு. அது அவ உடம்பு. மொய் கணக்கு பெரியவங்க கணக்கு, அதுக்கு காது குத்து இருக்கு, கிரகப்பிரவேசம் இருக்கு, ஏதாவது ஒண்ணுல வாங்கிக்கலாம்னு உங்க வீட்டுக்காரர்தான் அவங்க அப்பாகிட்ட பேசணும், நீங்க இல்லை. மருமக சொன்னா அடங்காப்பிடாரி, மகன் சொன்னா நியாயம், நம்ம ஊர்ல அப்படித்தான் இருக்கு, அதை பயன்படுத்திக்கங்க.

சடங்கே கூடாதுன்னு நான் சொல்ல மாட்டேன். தாய்மாமன் சீர் கொண்டு வர்றதுல, பாட்டி உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் குடுக்கறதுல, புதுப் பாவாடை கட்டுறதுல சந்தோஷப்படுற பொண்ணுங்களும் இருக்காங்க. உங்க பொண்ணுகிட்ட கேளுங்க, வீட்டுக்குள்ள சொந்தக்காரங்க பத்து பேரோட தலைக்கு தண்ணி ஊத்தினா பரவாயில்லையா, அதுவும் வேண்டாமா. அவ சரின்னு சொன்ன அளவு மட்டும். ஆனா ஒரு விஷயத்துல நான் விட்டுக்குடுக்கவே மாட்டேன், அந்த ஃபிளெக்ஸ் பேனர். பன்னெண்டு வயசு பிள்ளையோட போட்டோவ ஆளுயரத்துக்கு அடிச்சு, இவ வயசுக்கு வந்துட்டான்னு பஸ் ஸ்டாப்ல கட்டி வைக்கறது எந்த சம்பிரதாயத்துல இருக்கு? நம்ம பாட்டி காலத்துல ஏது ஃபிளெக்ஸ்? வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் வேண்டாம்.

தனியா உக்கார வச்சு, தட்டு தனி, பாய் தனின்னு ஸ்கூலுக்கும் அனுப்பாம இருக்காதீங்க. வயித்து வலி இருந்தா ஒரு நாள் ரெண்டு நாள் படுக்கட்டும், இல்லைன்னா வழக்கம் போல போகட்டும், ஓடட்டும், விளையாடட்டும். பைல ஒரு சின்ன பவுச், அதுல ரெண்டு பேட், ஒரு உள்ளாடை, பழைய பேப்பர், கவர். நாலுல இருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருக்க மாத்தணும்னு சொல்லிக் குடுங்க. ஸ்கூல் டாய்லெட்ல தண்ணியும் தாழ்ப்பாளும் இருக்கான்னு நீங்களே ஒரு நாள் போய் பாருங்க, பல பொண்ணுங்க மாத்தாம சாயங்காலம் வரைக்கும் இருக்கறதுக்கு காரணம் அதுதான், தண்ணி குடிக்காம கூட இருக்குங்க. புதுயுகம் திட்டத்துல 10ல இருந்து 19 வயசு வரைக்கும் இருக்கற பொண்ணுங்களுக்கு நாப்கின் இலவசமா குடுக்கறாங்க, அரசுப் பள்ளின்னா டீச்சர்கிட்ட கேளுங்க.

முதல் ரெண்டு வருஷம் தேதி முன்ன பின்னத்தான் வரும். 21 நாள்லயும் வரலாம், 45 நாளும் ஆகலாம், பயப்படாதீங்க. ஏழு நாளுக்கு மேல நிக்காம போனாலோ, மணிக்கு ஒரு பேட் நனைஞ்சாலோ, மூணு மாசமா வரவே இல்லைன்னாலோ டாக்டர்கிட்ட போங்க. அப்படி போகும்போதே கருப்பைவாய் புற்றுநோய்க்கான ஹெச்.பி.வி. தடுப்பூசி பத்தியும் கேட்டுக்கங்க, 9ல இருந்து 14 வயசுக்குள்ள போடுறது நல்லது.

அப்புறம் பேட் வாங்கறது அப்பாவும் பண்ணலாம். கருப்பு கவர் கேட்காம, பிஸ்கட் பாக்கெட்டோட சேர்த்து வாங்கிட்டு வந்து அவ டேபிள்ல வைக்கட்டும். அவளுக்கு தம்பி இருந்தா அவனுக்கும் விஷயத்த சொல்லுங்க, அவன் இன்னொரு பொண்ண ஸ்கூல்ல கிண்டல் பண்ணாம இருக்க அதுதான் ஆரம்பம்.

பேரன்ட்ஸ் மீட்டிங், ஃபீஸ் கட்டுறது, ஹோம்வொர்க், தடுப்பூசி எல்லாமே நான்தான். நானும் வேலைக்குத்தான் போறேன். அவர்கிட்ட கேட்டா "எனக்கு அதெல்லாம் தெரியாது, நீதான் கரெக்டா பண்ணுவ"ங்கறார். பாராட்டுறாரா தப்பிக்கறாரான்னு தெரியல. – ஒரு வாசகி, திருச்சி

தப்பிக்கறார்.

ஆபீஸ்ல புது சாஃப்ட்வேர் வந்தா கத்துக்கிட்டார்ல, ஐ.பி.எல். டீம்ல யாரு யாரு எவ்வளவுக்கு போனாங்கன்னு சொல்லுவார்ல, அப்போ பிள்ளை எந்த செக்ஷன்னு தெரிஞ்சுக்க முடியும். "ஹெல்ப் பண்ணுங்க"ன்னு கேட்காதீங்க, ஹெல்ப்னு கேட்டாலே அது உங்க வேலைன்னு ஆயிடுது. ரெண்டு வேலைய முழுசா தூக்கி குடுங்க. உதாரணத்துக்கு ஸ்கூல் ஃபீஸும் தடுப்பூசியும். 10 வயசுல ஒண்ணு, 16 வயசுல ஒண்ணு டி.டி. (டெட்டனஸ், டிப்தீரியா) ஊசி இருக்கு, அதோட தேதி அவர் போன்ல இருக்கட்டும், உங்க போன்ல இருக்க வேண்டாம். வாட்ஸ்அப் குரூப்ல அவர் நம்பரையும் சேர்த்துவிடுங்க, அந்த 9.30 மெசேஜ அவரும் அனுபவிக்கட்டும். குடுத்துட்டு பின்னாடி நின்னு திருத்தக்கூடாது, இது உங்களுக்கு. அவர் சீவுற ஜடை கோணலாத்தான் இருக்கும், அப்படியே ஸ்கூலுக்கு போகட்டும், ஜடைக்கு யாரும் மார்க் போடுறதில்லை.

மீட்டிங்க்கு போறவங்க வெறும் மார்க் கேட்டுட்டு வராதீங்க. அரசுப் பள்ளின்னா பள்ளி மேலாண்மைக் குழுன்னு ஒண்ணு இருக்கு, கல்வி உரிமைச் சட்டப்படி அதுல முக்கால்வாசி பேர் பெத்தவங்களா இருக்கணும், பாதி பேர் பெண்களா இருக்கணும். டாய்லெட், தண்ணி, காம்பவுண்ட் சுவர் எல்லாம் பேசற இடம் அதுதான். வாசல்ல நின்னு நாம புலம்புறத அங்க உள்ள போய் சொல்லலாம்.

பத்து வயசு பையன் என் பர்ஸ்ல இருந்து இருபது ரூபா எடுத்திருக்கான். கேட்டா எடுக்கலைன்னு சத்தியம் பண்றான். பைல தேன் மிட்டாய் பேப்பரும் ஏதோ கார்டும் இருக்கு. அவங்க அப்பாகிட்ட சொன்னா பெல்ட்ட எடுத்துருவாரு. திருடனாயிருவானோன்னு தூக்கமே வரலக்கா. – ஒரு வாசகி, விழுப்புரம்

ஆகமாட்டான், தூங்குங்க. பத்து வயசுல கை நீளாத பிள்ளைங்க கம்மி.

பேப்பர் கையில இருக்கும்போது "எடுத்தியா"ன்னு ஏன் கேக்கறீங்க? அப்படி கேட்டா பொய் சொல்லத்தான் செய்வான், பெல்ட் பயம் இருக்கற வீட்டுல பொய்தான் பாதுகாப்பு. நேரா சொல்லுங்க, "என் பர்ஸ்ல இருந்து இருபது ரூபா எடுத்திருக்க, எனக்கு தெரியும், எதுக்குன்னு சொல்லு." குரல உயர்த்தாம. காரணம் என்னவா வேணா இருக்கலாம். எல்லாரும் கார்டு வச்சிருக்காங்க, இவன்கிட்ட மட்டும் இல்லை, அதனால ஆட்டத்துல சேர்க்கல. இல்லைன்னா பெரிய பையன் யாராவது காசு கொண்டு வான்னு மிரட்டுறான், இது நடக்குது, இதை கண்டிப்பா விசாரிங்க. அப்படி இருந்தா நேரா ஸ்கூல்ல பேசுங்க, அங்க கண்டுக்கலைன்னா 1098க்கு போன் பண்ணுங்க, குழந்தைகளுக்கான உதவி எண், காசு ஆகாது, எந்த நேரமும் எடுப்பாங்க.

வெறும் மிட்டாய் ஆசைன்னா காச திருப்பி கட்ட வைங்க, வாரம் கொஞ்சமா பாக்கெட் மணி குடுத்து அதுல இருந்து அஞ்சு அஞ்சா கழிங்க. பாக்கெட் மணிய எதுக்கு செலவு பண்ணாலும் நீங்க கேக்கக்கூடாது, திங்கக்கிழமையே தீர்ந்து போனா அடுத்த வாரம் வரைக்கும் கெடைக்கவும் கூடாது. தன் காசு தீர்ந்தா எப்படி இருக்கும்னு தெரிஞ்சாத்தான் அடுத்தவங்க காசும் தெரியும். சொந்தக்காரங்க முன்னாடி இதை சொல்லி சிரிக்காதீங்க. அப்பாகிட்ட நீங்களே சொல்லுங்க, மறைக்க வேண்டாம், ஆனா பெல்ட் அலமாரியை விட்டு வெளிய வரக்கூடாதுன்னு முதல்ல வாக்கு வாங்கிட்டு சொல்லுங்க.

சொந்தக்காரங்க எல்லாம் போன் போட்டு பத்தாவது மார்க் எவ்வளவுன்னு கேக்கறாங்க. பொண்ணு 371. நாத்தனார் மகன் 468. என்ன சொல்றது? – ஒரு வாசகி, தஞ்சாவூர்

"பாஸ், நல்லா பண்ணியிருக்கா, நீங்க எப்படி இருக்கீங்க, முட்டி வலி பரவாயில்லையா." அவ்வளவுதான். ஸ்டேட் ஃபர்ஸ்ட், செகண்ட்னு ரேங்க் சொல்றத தமிழ்நாடு அரசே 2017லயே நிறுத்திட்டாங்க, நாத்தனார் வீட்டுக்கு அந்த சர்க்குலர் இன்னும் போகல போல. 371 எடுத்த பிள்ளை எந்த குரூப் எடுக்கணும்னு ஆசைப்படுறான்னு மட்டும் கேளுங்க, அக்கவுண்டன்சியோ, பயாலஜியோ, பாலிடெக்னிக்கோ, அதை பத்தி வேற யாருகிட்டயும் கேக்காதீங்க.

காலைல எழுப்புறதுக்குள்ள என் உசிரே போயிருது. ஆறு மணிக்கு எழுப்ப ஆரம்பிச்சா ஏழுக்குத்தான் எந்திரிக்கறான். அஞ்சாங்கிளாஸ். – ஒரு வாசகி, சேலம்

ராத்திரி எத்தனை மணிக்கு படுக்கறான்னு நீங்க எழுதல. அந்த வயசுக்கு 9ல இருந்து 12 மணி நேரம் தூக்கம் வேணும், ஆறு மணிக்கு எந்திரிக்கணும்னா ஒன்பதுக்குள்ள லைட் ஆஃப் ஆகணும். வீட்டுல பத்தரை வரைக்கும் சீரியல் ஓடுனா அவன் எப்படி தூங்குவான்? இதுல மாத்த வேண்டியது அவனை இல்லைன்னு நினைக்கறேன். போன் ராத்திரி ஹால்ல சார்ஜ்ல இருக்கட்டும், உங்க போனும்.

கடைசியா ஒரு கேள்வி அக்கா, சீரியஸ் இல்ல. துவைக்கப் போடுறப்போ ரெண்டா போற சாக்ஸ் ஏன் எப்பவும் ஒண்ணா மட்டும் திரும்பி வருது? – ஒரு வாசகி, நாகர்கோவில்

ஒண்ணு வாஷிங் மெஷின் ரப்பர் மடிப்புக்குள்ள இருக்கும், கைய விட்டு பாருங்க, கூடவே ரெண்டு ரூபா காயினும் ஹேர்பின்னும் கெடைக்கும். இன்னொண்ணு ஷூவுக்குள்ளயே சுருண்டு கெடக்கும், மோந்து பார்த்தா தெரியும். ஒரே கம்பெனி, ஒரே சைஸ், ஒரே கலர்ல ஆறு ஜோடி வாங்கிருங்க, எது எதோட சேர்ந்தாலும் ஜோடிதான். வெள்ளிக்கிழமை ஒயிட் யூனிஃபார்ம்க்கு மட்டும் வெள்ளை சாக்ஸ் தனியா வேணும், அதுக்கு என்கிட்ட வழி இல்லை, யாருக்காவது தெரிஞ்சா எழுதுங்க, அடுத்த மாசம் போடுறேன்.